பெருநாளுக்கு மறுநாள்

மட்டாஞ்சேரி
19-3-1956

ஜுமைலாவுக்கு,

ஸலாம். உன் கடிதம் வந்தது. ஒன்பது வருஷத்துக்குப் பிறகு தங்கையின் கையெழுத்தைப் பார்க்கிறவன் உறையைப் பிரிப்பதற்குமுன் என்னவெல்லாம் நினைப்பான் என்று உனக்குத் தெரியாதிருக்காது. உள்ளே இருந்தது இதுதான்: கோடை விடுமுறையில் ஒரு வாரம் கொச்சி பார்க்க வருகிறோம், நாங்கள் இரண்டு பேரும் பிள்ளைகள் இரண்டு பேரும், வண்டிச் சத்தம் உட்பட எழுபது ரூபாய்தான் கையில் இருக்கிறது, எங்கே தங்குவது, எதைப் பார்ப்பது என்று எழுதுங்கள். ரயில்வே விசாரணை ஜன்னலில் நின்று கேட்பதுபோல் கேட்டிருக்கிறாய்.

கேட்ட விதம் எனக்குப் பிடித்தது. குழைந்து எழுதியிருந்தால் கிழித்திருப்பேன். வழி தெரியாதவனுக்கு வழி சொல்வது எவனுக்கும் கடமை. அந்த அளவுக்கு உனக்கும் செய்கிறேன். ஒரு மிளகுக் கம்பெனிக்காக இருபது வருஷமாகக் கடிதம் எழுதிப் பிழைக்கிறவனுக்குப் படகும் பஸ்ஸும் மனப்பாடம்.

ஆனால் என் வீட்டுக்கு வரவேண்டாம். காரணம் உனக்குத் தெரியும். உன் பிள்ளைகளுக்குத் தெரியாதிருந்தால் இதைப் படித்துக் காட்டு. அத்தா மவுத்தான பிறகு உன் நிக்காஹில் முன்னால் உட்கார்ந்து உன்னைக் கைபிடித்துக் கொடுக்கவேண்டியவன் மூத்தவனாகிய நான். மழையில் தண்டவாளம் அரித்து ஷொரணூருக்கு இப்பால் வண்டி நின்றுவிட்டது. நடந்தும், லாரியில் ஏறியும் பாலக்காடு வந்து சேர்ந்தேன். பந்தலில் எல்லாரும் நெய்ச்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். என் கை இருக்கவேண்டிய இடத்தில் தம்பி தாவூதின் கை இருந்து, எல்லாம் முடிந்திருந்தது.

தாவூதை நான் மன்னித்தாலும் மன்னிப்பேன். அவன் எப்போதும் கிடைத்த இடத்தில் உட்காருகிறவன். ஆனால் நிக்காஹுக்கு முன்னால் பெண்ணிடம் வந்து சம்மதம் கேட்பார்கள். "அண்ணன் வரட்டும்" என்று நீ சொல்லியிருந்தால் ஊர் காத்திருக்கும். நீ சம்மதம் என்றாய். "இருந்து போ தம்பி, நாளைக்கு ஜுமைலாவையே ஆக்கிப் போடச் சொல்றேன்" என்று பெரியம்மா என் கையைப் பிடித்தபோது, ஜுமைலா ஆக்கிய சோற்றை இனித் தொடமாட்டேன் என்று அல்லாஹ்வின் பேரால் ஆணையிட்டேன். அதை இன்றுவரை காப்பாற்றி வருகிறேன்.

திட்டம் அடுத்த கடிதத்தில்.

நஜ்முதீன்


ஈரோடு
26-3-1956

அன்புள்ள அண்ணனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டினேன். சின்னவனுக்குப் புரியவில்லை. பெரியவள் ஜலீலா, "மாமா மழையில நனைஞ்சுட்டே வந்தாங்களா?" என்று கேட்டாள். அதற்கு மேல் அவளுக்கு அதில் ஒன்றும் தோன்றவில்லை.

நான் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை, அண்ணே. அறை நிறையப் பெண்கள். மாப்பிள்ளை வீட்டார் அஸர் தொழுகைக்குமுன் திரும்பவேண்டும் என்று வெளியே சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். மூன்று பேர் வந்து குனிந்து கேட்டார்கள். நான் சம்மதம் என்றேன். இன்றைக்குக் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன். ஏனென்றால் இவரை எனக்குப் பிடித்திருந்தது, நிக்காஹ் நின்றுவிடுமோ என்று பயந்தேன். நீங்கள் எனக்காக மழையில் நடந்து வந்தபோது நான் உங்களுக்காகக் காத்திராதது உண்மைதான். உங்களுக்கு வலித்ததும் உண்மை. இந்த இரண்டையும் ஒப்புக்கொள்கிறேன். குற்றம் என்று மட்டும் சொல்லமாட்டேன்.

இவர் உங்களுக்கு ஸலாம் சொல்கிறார். டிராயிங் வாத்தியார் என்பது நினைவிருக்குமே; டச்சு அரண்மனைச் சுவர்ச் சித்திரங்களைப் பார்க்காமல் சாகமாட்டேன் என்கிறார். ஜலீலாவுக்குக் கப்பல். சின்னவனுக்கு எதுவானாலும் சரி. எனக்கு வேண்டியது ஒன்றுதான். திரும்பி வண்டி ஏறுமுன் நீங்கள் நான் ஆக்கியதை ஒரு வேளை சாப்பிடவேண்டும். உங்கள் ஆணை உங்களுக்கு. என் பிடிவாதம் எனக்கு. இரண்டும் அத்தாவிடமிருந்து வந்ததுதானே.

திட்டத்தை எழுதுங்கள். செலவை நினைவில் வைத்து எழுதுங்கள்.

தங்கை
ஜுமைலா


மட்டாஞ்சேரி
4-4-1956

ஜுமைலாவுக்கு,

ஸலாம். நீ கேட்டது நடக்காது. நடக்கக்கூடியதை எழுதுகிறேன்.

பெருநாள் தொழுகையும் சாப்பாடும் முடிந்து அன்று ராத்திரி ஈரோட்டில் கொச்சி வண்டி ஏறுங்கள். மறுநாள் காலை ஹார்பர் ஸ்டேஷனில் இறங்கலாம். வெளியே வந்ததும் டாக்ஸிக்காரர்கள் சூழ்வார்கள்; ஒருவனுக்கும் பதில் சொல்லாமல் படகுத்துறைக்கு நடக்கவேண்டும். மட்டாஞ்சேரிப் படகில் ஏறினால் காசு மிச்சம். போகும் வழியில் கப்பல்கள் பக்கத்திலேயே நிற்கும். உன் மகளுக்கு அதோடு கப்பல் முடிந்தது, தனிச்செலவு கிடையாது.

மட்டாஞ்சேரித் துறைக்கு அருகில் ஒரு முஸாபர்கானா இருக்கிறது. குடும்பத்தோடு வருகிறவர்களுக்குத் தனி அறை, பின்பக்கம் அடுப்பு. வாடகை இல்லை, போகும்போது பெட்டியில் முடிந்ததைப் போடலாம். பாத்திரம் கொண்டு வாருங்கள். இங்கே கப்பைக் கிழங்கும் மத்தி மீனும் மலிவு. ஹோட்டல் பக்கம் தலை வைத்தால் உன் எழுபது ரூபாய் மூன்றாம் நாள் தீர்ந்துவிடும்.

முதல் நாள் அரண்மனை. நடக்கவேண்டிய தெருக்களைத் தனித் தாளில் வரிசையாக எழுதி வைத்திருக்கிறேன், அதன்படியே போங்கள். உன் வீட்டுக்காரர் அங்கே பகல் முழுவதும் இருக்க விரும்புவார், இருக்கட்டும். அதையடுத்து யூதத் தெரு; சனிக்கிழமை மட்டும் போகாதீர்கள், அவர்கள் தொழுகைப் பள்ளி அன்று மற்றவர்களுக்குத் திறக்காது. இஸ்ரேலுக்குக் கப்பலேறியவர்கள் போக மிச்சம் இருக்கிறவர்கள் வாசலில் உட்கார்ந்திருப்பார்கள். முறைத்துப் பார்க்கவேண்டாம் என்று பிள்ளைகளிடம் சொல். இரண்டாம் நாள் கோட்டைக் கொச்சி. நடந்தே போகலாம். கடற்கரையில் சீன வலை தூக்குவதைப் பார்க்கக் காசில்லை. மூன்றாம் நாள் வைப்பின் தீவு. நான்காம் நாள் எரணாகுளம். காலைப் படகில் போய் மாலைப் படகில் திரும்பவேண்டும். கடைத்தெருவில் உன் கண் போகும், பையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள். ஐந்தாம் நாள் ஆலுவாயில் ஆற்றுக் குளியல், பொதிச்சோறு கட்டிக்கொண்டு போங்கள். ஆறாம் நாளை மழைக்கு ஒதுக்கியிருக்கிறேன். மே மாதத்து மழையை நம்பக்கூடாது. மழை வராவிட்டால் அரண்மனைக்கே இன்னொரு முறை போகலாம். ஏழாம் நாள் வண்டி.

ஆலுவாயிலிருந்து ஏலூர் உரத் தொழிற்சாலையைப் பார்க்கப் போகலாம் என்று யாராவது சொல்வார்கள். போகவேண்டாம். பெருநாள் சாயங்காலமே நான் ஏலூரில் ஒரு சினேகிதர் வீட்டுக்குப் போய், நீங்கள் ஊர் திரும்பும்வரை அங்கேதான் இருக்கப்போகிறேன்.

நஜ்முதீன்


ஈரோடு
20-4-1956

அன்புள்ள அண்ணனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நோன்பு நல்லபடியாக நடக்கிறது. சின்னவன் அரை நோன்பு பிடிக்கிறான், அதாவது இரண்டு சாப்பாட்டுக்கு நடுவே.

உங்கள் திட்டத்தை இவர் படமாகவே வரைந்து சுவரில் ஒட்டிவிட்டார். இவர் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துத் தபால் ஆபீஸில் உங்கள் ஊர்க்காரர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் காட்டினாராம். அவர், "எல்லாம் சரிதான் சாரே. ஆனா அரண்மனையிலேர்ந்து ஜெட்டிக்கு நேரே ஒரு வழி உண்டு. இது எதுக்கு இப்படி வளஞ்ஞு சுத்திப் போகுது? நடுவுல ஒரே ஒரு தெருவைத்தான் விட்டிருக்கு, அதுல என்ன, பட்டி கடிக்குமா?" என்று சிரித்தாராம். அங்கே நாய்க்குப் பட்டி என்று பெயராமே. விட்டுப்போன தெருவின் பெயரை இவர் கேட்டு வந்து சொன்னார். உங்கள் விலாசத்தில் இருக்கும் தெரு.

பிள்ளைகளை அவ்வளவு தூரம் சுற்ற வைக்கிறீர்களே என்று எனக்கு முதலில் கோபம் வந்தது. பிறகு, அவ்வளவு மெனக்கெட்டு வழி போட்டிருக்கிறீர்களே என்று வேறு ஒன்று வந்தது.

எந்தத் தேதி என்று மட்டும் எழுதுங்கள். இவர் விடுப்பு எழுதிக்கொடுக்கவேண்டும்.

ஜுமைலா


மட்டாஞ்சேரி
29-4-1956

ஜுமைலாவுக்கு,

ஸலாம். முஸாபர்கானாவில் பேசிவிட்டேன். அறை உண்டு. தேதி கேட்கிறாய். பிறை தெரிவதற்குமுன் பெருநாளுக்குத் தேதி எழுதுகிற பழக்கம் நம் வீட்டில் யாருக்கும் கிடையாது; எனக்கும் இல்லை. பெருநாள் ராத்திரி வண்டி, பெருநாளுக்கு மறுநாள் கொச்சி. இதில் குழப்பிக்கொள்ள எதுவுமில்லை.

வழியைப் பற்றி எழுதியிருந்தாய். அந்தத் தெருவில் சாக்கடை வேலை நடக்கிறது.

நஜ்முதீன்


மட்டாஞ்சேரி
22-5-1956

ஜுமைலாவுக்கு,

ஸலாம். நீ பாலக்காட்டில் தாவூதிடம் எதையாவது எப்படியாவது சொல்லுமுன், நடந்ததை நானே எழுதி வைத்துவிடுகிறேன்.

தப்பு வானத்துடையது. வெள்ளிக்கிழமை மாலை கொச்சியில் மேகம். கடற்கரையில் நின்ற யாருக்கும் பிறை தெரியவில்லை. நோன்பு முப்பதையும் முழுமையாக்கி ஞாயிற்றுக்கிழமை பெருநாள் என்று பள்ளிவாசலில் அறிவித்தார்கள். அதே மாலை ஈரோட்டில் வானம் தெளிவாக இருந்து, சனிக்கிழமையே நீங்கள் பெருநாள் கொண்டாடி, அன்று ராத்திரி வண்டியும் ஏறிவிட்டீர்கள். "பெருநாளுக்கு மறுநாள்" என்று நான் எழுதியதை அட்சரம் பிசகாமல் நிறைவேற்றி, எங்கள் பெருநாளன்று காலையில் வந்து இறங்கிவிட்டீர்கள். எத்தனையோ தேசத்துக்கு வருஷாவருஷம் கப்பல் தேதி எழுதுகிறேன், தவறியதில்லை. இந்த ஒன்றுக்குத் தேதி எழுதாமல் விட்டேன்.

முஸாபர்கானா பூட்டு. காவல்காரர் பெருநாளுக்குச் சொந்த ஊர் போய்விட்டார். சாயாக்கடை பூட்டு, மளிகைக்கடை பூட்டு. உங்களைத் துறையில் உட்காரவைத்துவிட்டு உன் வீட்டுக்காரர் பள்ளிக்கு வந்திருக்கிறார். முந்தின நாளே பெருநாள் தொழுதவர் இரண்டாம் தரம் வந்து வரிசையில் நின்றார். எங்கே நின்றார்? என் பக்கத்தில். தொழுகை முடிந்ததும் எல்லாரும் பக்கத்திலிருப்பவரைத் தழுவுவோம். நானும் முகத்தைப் பார்க்காமல், வழக்கப்படி, தோள் மாற்றித் தோள் மாற்றி மூன்று தரம் தழுவினேன். மூன்றாவது தரம் காதோரத்தில், "மச்சான், நான் மொய்து. குட்டிகள் படகுத்துறையில இருக்காங்க" என்றார். ஒன்பது வருஷத்துக்குமுன் ஒரே ஒரு முறை பார்த்த முகம் என் தோளில் இருக்கிறது. பள்ளி முழுவதும் பார்க்கிறது. என்ன செய்யச் சொல்கிறாய்? கையை உதறவா?

உங்களைத் துறையிலிருந்து கூட்டி வந்து வீட்டு வாசலில் நான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கும்போது ரம்லத் வெளியே வந்தாள். அவள் சொன்னது உனக்கே கேட்டிருக்கும். "பெருநாளும் அதுவுமா பிள்ளைங்களை வெயில்ல நிறுத்திட்டு நிங்ஙள் ஆரோடு கணக்குத் தீக்குறீங்க? போய் அந்தப் பக்கம் நில்லுங்க. நீ வா மோளே." பதினெட்டு வருஷம் குடும்பம் நடத்தியதில் அவள் என்னை அந்தப் பக்கம் நில்லுங்கள் என்று சொன்னது அதுவே முதல் தடவை.

ஆகவே நீங்கள் என் வீட்டில் தங்கினீர்கள். ஒரு நாள் முன்னால் வந்ததால் என் திட்டம் முழுவதும் இடம் மாறிப்போயிற்று. அதை நீங்களே சரிசெய்தால் கந்தலாக்கிவிடுவீர்கள் என்பதால் நான் கூட வந்தேன். ஏலூர்ச் சினேகிதருக்கு ஆள் அனுப்பவேண்டியிருந்தது. உன் வீட்டுக்காரர் அரண்மனைச் சுவர் முன்னால் பாயை விரிக்காத குறையாக இருந்ததையும், உன் மகள் ஒவ்வொரு கப்பலின் பெயரையும் என்னைப் படிக்கச் சொன்னதையும் நான் குறையாகச் சொல்லவில்லை. உங்கள் பணத்தில் பதினோரு ரூபாய் மிஞ்சியது என் ஏற்பாட்டினால்தான் என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

ஆனால் முக்கியமான விஷயம் இது. என் ஆணை அப்படியே இருக்கிறது. நீங்கள் உள்ளே சாப்பிட்டீர்கள். நான் முன்னறையில் தனியாக, என் மனைவி கொண்டுவந்து வைத்ததைச் சாப்பிட்டேன். உன் பிடிவாதம் தோற்றது என்பதை நீயும் ஒப்புக்கொள்ளவேண்டும்.

நஜ்முதீன்


ஈரோடு
27-5-1956

அன்புள்ள அண்ணனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பிள்ளைகள் இன்னும் கொச்சியிலேயே இருக்கிறார்கள். சின்னவன் தண்ணீர்த் தொட்டியில் வெற்றிலைப் பெட்டியை மிதக்கவிட்டு, ஏலூருக்குப் படகு என்று கத்துகிறான். இவர் இருபத்தேழு படம் வரைந்திருக்கிறார். அதில் ஒன்று அரண்மனை இல்லை. எங்களுக்குப் பத்தடி முன்னால், குடையை இடுக்கிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்து போகும் உங்கள் முதுகு. நன்றாக வந்திருக்கிறது.

நீங்கள் திரும்பிப் பார்க்கவில்லை என்றாலும் ஒவ்வொரு முனையிலும் நின்றீர்கள், குடையைச் சரிசெய்வதுபோல. நாங்கள் வந்து சேர்ந்த பிறகுதான் குடை சரியாகும். ஜலீலாதான் இதைக் கண்டுபிடித்தாள். ஆலுவாயில் அவள் வேண்டுமென்றே பின்தங்கி, குடை எவ்வளவு நேரம் கோணலாக இருக்கிறது என்று பார்த்தாள்.

இப்போது நீங்கள் முக்கியமான விஷயம் என்று எழுதியதற்கு வருகிறேன். இதைச் சொல்லாமல் விட்டுவிடலாம் என்றார் இவர். நான் விடமாட்டேன். ஒளித்து வைத்து ஜெயிப்பது ஜெயிப்பே இல்லை.

பெருநாளன்று மதியத்துப் பிரியாணி ரம்லத் மச்சி ஆக்கியது. அது அதிகாலையிலேயே அடுப்பில் ஏறிவிட்டது. அன்று ராத்திரியிலிருந்து நாங்கள் வண்டி ஏறும்வரை, உங்கள் வீட்டு அடுப்பில் நான்தான் நின்றேன். மச்சிக்கு இடுப்பு வலி என்பது உங்களுக்குத் தெரியுமா? இரண்டு வருஷமாக இருக்கிறதாம். நீங்கள் அடுப்பங்கரைப் படியைத் தாண்டியதே இல்லை, பிறகு எப்படித் தெரியும்? முதலில் நான் உங்கள் ஆணையைச் சொன்னேன். "அண்ணனுக்குத் தெரிஞ்சா என்ன ஆகும் மச்சி?" என்று கேட்டேன். மச்சி வெங்காயக் கூடையை என் பக்கம் தள்ளிவிட்டு, "அறிஞ்சால்தானே? தட்டு எடுத்துட்டுப் போறது என் கை. நீ நறுக்கு. ஒன்பது வருஷமா உன் பேரைச் சொல்லி இந்த வீட்டுல ஒரு நல்ல நாள் முறையா நடக்கல. எனக்கும் ஒரு கணக்கு உண்டு" என்றார்கள்.

நீங்கள் திங்கட்கிழமை இரண்டாம் தரம் குழம்பு கேட்டீர்கள். வியாழக்கிழமை, "இன்னைக்கு என்ன விசேஷம், கை நல்லா வந்திருக்கே" என்று முன்னறையிலிருந்து சொன்னீர்கள். நான் உள்ளே முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பா என்று பிள்ளைகள் கேட்டார்கள். சிரிப்புத்தான் என்று சொன்னேன்.

ஆகவே நான் தோற்கவில்லை. கோபித்துக்கொள்ளுங்கள். மச்சியிடம் வேண்டாம், என்னிடம்.

தங்கை
ஜுமைலா


மட்டாஞ்சேரி
1-6-1956

ஜுமைலாவுக்கு,

ஸலாம். ரம்லத்தைக் கேட்டேன். மறுக்கவில்லை. "ஆமா, அதுக்கென்ன?" என்று கேட்டுவிட்டு அரிசி களையப் போய்விட்டாள். நான் முதன்முதலாகப் பின்னால் போய் அடுப்பங்கரையில் நின்றேன். அடுப்பு தரையோடு இருக்கிறது. இடுப்பு வலிக்காமல் என்ன செய்யும்? மேடை கட்டக் கொத்தனாருக்குச் சொல்லியிருக்கிறேன்.

பள்ளி இமாமிடம் போனேன். தெரியாமல் முறித்தாலும் ஆணை முறிந்தது முறிந்ததுதான் என்றார். அத்தோடு விட்டாரா? உடன்பிறந்தவளோடு உறவை அறுக்க அல்லாஹ்வின் பேரை இழுத்தவன் அதை முதல் நாளே முறித்திருக்கவேண்டும், ஒன்பது வருஷம் காப்பாற்றினேன் என்று சொல்லிக்கொள்ள வெட்கமாக இல்லையா என்று, இரண்டு பேர் பக்கத்தில் இருக்கும்போதே கேட்டார். அவர் என்னைவிட வயதில் சின்னவர். இதை நான் மறக்கப்போவதில்லை.

முறித்ததற்குப் பரிகாரம் பத்து ஏழைகளுக்கு வயிறாரச் சோறு போடுவது. இந்தக் காரியம் உன்னால் வந்தது. ரம்லத்துக்கு இடுப்பு வலி. எனக்குச் சமைக்கத் தெரியாது. ஆகவே பள்ளிக்கூடம் திறக்குமுன் நீ வந்து ஆக்கிப் போடவேண்டும். ஜூன் எட்டாம் தேதி, வெள்ளிக்கிழமை. இந்தத் தடவை தேதி எழுதிவிட்டேன். வியாழன் ராத்திரி வண்டி. ஹார்பர் ஸ்டேஷனில் நான் நிற்பேன். மிஞ்சிய பதினோரு ரூபாயில் உங்கள் டிக்கெட்டுக்குப் போதாதது என் பொறுப்பு. பிள்ளைகள் இரண்டு பேரும் வரவேண்டும்.

செவ்வாய்க்கிழமை மீன் குழம்பில் உப்பு கூடுதல். அன்று ரம்லத்தைக் கடிந்துகொண்டேன். அதை அவளிடமிருந்து திரும்பப் பெற்று உன்மேல் வைக்கிறேன். வருகிறவர்கள் ஏழைகள், நாக்கு இல்லாதவர்கள் இல்லை. கவனமாக ஆக்கு.

பதினோரு பேருக்கு ஆக்கு. நானும் அவர்களோடு பந்தியில் உட்காருகிறேன்.

அண்ணன்
நஜ்முதீன்